முடக்கில் நிறுத்தாதீர்: மலையகப் பாதைகளில் பொலிஸ் மறிப்பும் உயிர்ப் பாதுகாப்பும்

வீதியில் செல்லும் வாகனமொன்றைப் பொலிஸ் உத்தியோகத்தர் கைகாட்டி நிறுத்தி, சாரதியின் ஆவணங்களையும் வாகனத்தின் நிலையையும் பரிசீலிப்பது, சட்டத்தின் பார்வையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் சாதாரண அலுவலாகும். ஆனால் ஒருபுறம் மண்மேடும் மறுபுறம் பள்ளமுமாக வளைந்து செல்லும் மலையகப் பாதைகளில், அந்தச் சில நிமிடங்கள் மறித்தவருக்கும் மறிக்கப்பட்டவருக்கும், வாகனத்தினுள் அமர்ந்திருப்பவர்களுக்கும் பின்னால் வந்துகொண்டிருப்பவர்களுக்கும் ஒருசேர ஆபத்தானவையாகிவிடக்கூடும். குற்றம் யாருடையது, தண்டம் எவ்வளவு, மறித்தது முறையா என்ற கேள்விகளே வழக்கமாகப் பேசப்படுகின்றன. வாகனம் நிறுத்தப்பட்ட இடம் உயிருக்கு உகந்த இடமா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. மலைநாட்டைப் பொறுத்தவரை முதலில் கேட்கப்பட வேண்டியது அந்தக் கேள்விதான்.

பாதையின் இயல்பு

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவை அடையும் ஏ-7 பாதையும், பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி வெலிமடைப் பக்கம் இறங்கும் ஏ-5 பாதையும் தேயிலை மலைகளின் இரு முதன்மைப் போக்குவரத்து வழிகளாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை நோக்கி ஏறும் இப்பாதைகளின் தடம், 19 ஆம் நூற்றாண்டில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் இறக்குவதற்காக மலையின் இடுப்பைச் சுற்றி வெட்டப்பட்ட வண்டிப்பாதைகளின் தடத்தைப் பெரிதும் ஒட்டியே செல்கிறது. மாட்டுவண்டியின் வேகத்துக்கு ஏற்ப அமைந்த வளைவுகளில் இன்று நீண்டதூர பஸ்களும் கொழுந்து லொறிகளும் எரிபொருள் தாங்கிகளும் சுற்றுலா வான்களும் எதிரெதிரே செல்கின்றன. பல இடங்களில் பாதை அகலப்படுத்தப்பட்டுள்ள போதிலும், மலைப்பக்கம் ஆழமான வடிகானும் பள்ளப்பக்கம் மெல்லிய மண்கரையும் இருப்பதால், வாகனத்தை முழுமையாக ஒதுக்கி நிறுத்துவதற்குரிய இடம் பல கிலோமீற்றர் தூரத்துக்கு ஒன்று கூடக் கிடைப்பதில்லை.

இந்தப் பாதை வாகனங்களுக்கு மட்டும் உரியதுமன்று. தோட்டங்களின் லயன்களிலிருந்து பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும், வேலைத்தளத்துக்குச் செல்லும் தொழிலாளரும், கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் செல்வோரும் நடைபாதையில்லாத அதே வீதியின் ஓரத்தில்தான் நடக்கின்றனர். தோட்டப் பாதை பிரதான வீதியைச் சந்திக்கும் இடம், கொழுந்து மடுவத்தின் முன்றல், தேயிலைத் தொழிற்சாலையின் வாயில், பஸ் தரிப்பிடம் ஆகியவையே இப்பகுதியில் ஓரளவு அகலமான இடங்கள். மக்கள் கூடிநிற்கும் இடங்களும் அவையே. ஆகவே, ஒரு வாகனம் எங்கே நிறுத்தப்படுகிறது என்பது அந்த வாகனத்தில் இருப்பவர்களோடு முடிந்துவிடும் விடயமாக இருப்பதில்லை.

இவற்றோடு காலநிலையும் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன் – நுவரெலியாப் பாதையில் பகலிலேயே கடும் பனிமூட்டம் இறங்குவதும், சாரதிகள் முன்விளக்குகளை ஒளிரவிட்டு அவதானமாகச் செல்லுமாறு பொலிஸார் அறிவித்தல் விடுப்பதும் ஆண்டுதோறும் காணப்படும் நிகழ்வுகள். மண்மேடு சரிந்து பாதையின் ஒரு பாதி மூடப்படும்போது, எஞ்சிய ஒரு வழியால் இருபக்க வாகனங்களும் மாறிமாறிச் செல்ல வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலையகத்தின் பல பாதைகள் சரிவுகளால் துண்டிக்கப்பட்டமை, இப்பாதைகளின் ஓரம் எவ்வளவு நம்பகமற்றது என்பதை அனைவருக்கும் உணர்த்தியது.

நிறுத்தும் தூரத்தின் கணக்கு

வாகனத்தை நிறுத்துமாறு சைகை கிடைத்ததும் அது உடனே நின்றுவிடுவதில்லை. சாரதி சைகையைக் கண்டு, அதன் பொருளை உணர்ந்து, பிரேக்கில் காலை வைக்கும் வரை வாகனம் ஓடும் தூரம் ஒன்று. பிரேக் பிடித்த பின்னர் சில்லுகள் நிற்கும் வரை அது நகரும் தூரம் மற்றொன்று. இவ்விரண்டின் கூட்டுத்தொகையே நிறுத்தும் தூரம் எனப்படும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது இலங்கையில் முச்சக்கர வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகத்தில், ஒரு வாகனம் வினாடிக்கு 11 மீற்றர் அளவு நகர்கிறது. சாரதி செயற்பட ஒன்றரை வினாடி எடுத்தால், பிரேக் பிடிப்பதற்கு முன்னரே ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடும். உலர்ந்த சமதரையில் அதன்பின் 9 மீற்றரில் நிற்கக்கூடிய வாகனத்துக்கு, நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் இறங்கும் ஈரமான சரிவில் நிற்பதற்கு ஏறத்தாழ 20 மீற்றர் தேவைப்படும். ஆக, மொத்தத் தூரம் 26 மீற்றரிலிருந்து 36 மீற்றருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. பாரமேற்றிய லொறிக்கும் பயணிகள் நிறைந்த பஸ்ஸுக்கும் இத்தூரம் இன்னும் நீளும்.

பனிமூட்டத்தில் 20 அல்லது 25 மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாத வேளையில், முடக்கு ஒன்றைத் தாண்டிய உடனே ஒரு முச்சக்கர வண்டி மறிக்கப்பட்டு நிற்கிறது என வைத்துக்கொண்டால், பின்னால் 40 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கிவரும் சாரதி அதைக் காணும் கணத்திலேயே நிறுத்துவதற்கான தூரத்தை இழந்துவிட்டிருப்பார். அவருக்கு எஞ்சுவது மூன்று வழிகளே: நிற்கும் வண்டியில் மோதுவது, வலப்பக்கம் வெட்டி எதிரே வரும் வாகனத்தைச் சந்திப்பது, இடப்பக்கம் வெட்டிப் பள்ளத்திலோ கானிலோ இறங்குவது. இந்த நிலையில் அவர் எவ்வளவு திறமையான சாரதி என்பது பெரிதாகப் பயன்படாது. அதே சரிவில் அவர் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வந்திருந்தால், சுமார் 13 மீற்றரில் நின்றிருப்பார். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நிறுத்தும் தூரம் மூன்றில் ஒரு பங்களவுக்குச் சுருங்குகிறது என்ற இந்த எளிய கணக்கை, வாகனம் ஓட்டுபவரும் வாகனத்தை மறிப்பவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மறித்தல் ஏன் தேவைப்படுகிறது

ஆபத்து இருப்பதால் பொலிஸார் வாகனங்களை மறிக்கவே கூடாது என்ற முடிவுக்கு வருவது தவறாகும். இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். 2023 ஜனவரி 20 ஆம் திகதி மாலை, நானுஓயா ரதெல்லக் குறுக்குவீதியில், கொழும்புப் பாடசாலை ஒன்றின் மாணவர்களை ஏற்றிவந்த பஸ், வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டி ஒன்றுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். 2025 மே 11 ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலை நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று, கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பாதையை விட்டு விலகிப் பள்ளத்தில் வீழ்ந்ததில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மீறி ஏற்றப்பட்ட பயணிகள், தேய்ந்த டயர், பழுதான பிரேக், உறக்கமின்றி ஓட்டும் சாரதி, மது அருந்திய சாரதி ஆகிய குறைகள், வாகனம் மலையிறங்கத் தொடங்குவதற்கு முன்னரே கண்டறியப்பட்டால் பல உயிர்கள் காப்பாற்றப்படும்.

மலையிறக்கத்தில் பிரேக் செயலிழப்பதன் காரணமும் இங்கு விளக்கப்பட வேண்டியதாகும். நீண்ட சரிவில் பிரேக்கை மட்டும் நம்பித் தொடர்ச்சியாக மிதித்துக்கொண்டு இறங்கும்போது, பிரேக்கின் உராயும் பாகங்கள் கடுமையாகச் சூடேறிப் பிடிமானத்தை இழக்கின்றன. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்று மலையகத்துப் பழைய லொறிச் சாரதிகள் சொல்லும் பாடம், இயந்திரத்தின் இழுவையைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தி, பிரேக்கைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதற்கான வழியேயாகும். சமவெளியிலிருந்து சுற்றுலாவுக்கு வரும் சாரதிகள் பலருக்கு இந்தப் பழக்கம் இருப்பதில்லை. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் ஹட்டன் – மஸ்கெலியா – நல்லதண்ணிப் பாதையிலும், ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவிலும் வெளியூர் வாகனங்கள் வந்து குவிகின்றன. ஆகவே, பாரமான வாகனங்களைச் சரிவின் தலைப்பில், இறங்கத் தொடங்குமுன் நிறுத்திப் பரிசோதிப்பது உயிர்காக்கும் செயலாகும். அதே வாகனத்தைச் சரிவின் நடுவில் திடீரெனக் கைகாட்டி நிறுத்துவது, ஏற்கனவே சூடேறிய பிரேக்கின் மீது இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

சாரதி செய்ய வேண்டியவை

சீருடையணிந்த பொலிஸ் உத்தியோகத்தர் நிறுத்துமாறு சைகை காட்டினால் நிறுத்த வேண்டியது சாரதியின் சட்டக் கடமை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இதற்கு அடிப்படையாகும். ஆனால் நிறுத்துதல் என்பது கண்ட இடத்தில் பிரேக்கை மிதிப்பதாகாது. சைகையைக் கண்டதும் இடப்பக்கச் சமிக்ஞை விளக்கைப் போட்டு, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கையை வெளியே நீட்டியோ தலையசைத்தோ சைகையைக் கண்டுகொண்டதை உத்தியோகத்தருக்கு உணர்த்தி, முடக்கைத் தாண்டி இருபுறமும் தெளிவாகத் தெரியும் முதல் அகலமான இடத்தில் மெதுவாக ஒதுங்க வேண்டும். மெதுவாகவும் சமிக்ஞையோடும் முன்னே நகரும் வாகனத்தைத் தப்பியோடும் வாகனமாக எவரும் எளிதில் கருதமாட்டார்.

வாகனம் நின்றதும் கைப்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, முன்சில்லைப் பள்ளத்தின் பக்கமாக இராமல் மண்மேட்டின் பக்கமாகத் திருப்பி வைப்பதும், லொறியாயின் உதவியாளர் சில்லுக்குக் கல் வைப்பதும் மலைப்பாதையில் கட்டாயமாகக் கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள். நான்கு பக்கச் சமிக்ஞை விளக்குகளையும் ஒருசேர மினுங்க விடுவதும், பனிமூட்டத்தில் முன்விளக்கைத் தாழ்த்தி ஒளிரவிடுவதும் பின்னால் வருபவருக்கு எச்சரிக்கையாகும். இரவு வேளையில் வாகனத்தின் உள்விளக்கைப் போட்டு, இரு கைகளையும் சுக்கானின் மேல் தெரியும்படி வைத்திருந்தால், அணுகிவரும் உத்தியோகத்தரின் மனத்திலுள்ள ஐயமும் தணியும். ஆவணங்களை எடுப்பதற்காகப் பைக்குள்ளோ ஆசனத்தின் அடியிலோ கையை விடுவதற்கு முன், எடுக்கப்போவதைச் சொல்லிவிட்டு எடுப்பது இரு தரப்புக்கும் நல்லது.

இலங்கையில் பரவலாகக் காணப்படும் ஒரு பழக்கம் இங்கு தனியாகக் கவனிக்கப்பட வேண்டும். வாகனம் நிறுத்தப்பட்டதும் சாரதி ஆவணங்களைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, மோட்டார் சைக்கிளின் அருகில் தண்டப் புத்தகத்துடன் நிற்கும் உத்தியோகத்தரை நோக்கி நடந்து செல்கிறார். அவர் வீதியின் மறுபக்கத்தில் நின்றால், சாரதி வீதியைக் குறுக்கே கடக்கிறார். வலப்பக்க ஆசனத்திலிருந்து வாகனங்கள் செல்லும் பக்கமாகவே கதவைத் திறந்து இறங்கும் சாரதி, கையிலுள்ள காகிதங்களிலும் தன் பதற்றத்திலும் கவனம் சிதறியவராக வீதியைக் கடக்கும் அந்தக் கணமே, முழு நிகழ்விலும் அதிக ஆபத்தான கணமாகும். உத்தியோகத்தர் வாகனத்தின் இடப்பக்கமாக வந்து, பயணியின் யன்னல் வழியாக ஆவணங்களைப் பெறுவதே இருவருக்கும் பாதுகாப்பானது. இறங்கித்தான் ஆக வேண்டுமெனில், பின்னால் வரும் வாகனத்தைக் கண்ணாடியில் பார்த்த பின்னரே கதவைத் திறக்க வேண்டும்.

பயணிகளும் பிள்ளைகளும்

மறிக்கப்பட்ட வாகனத்தில் சாரதியைத் தவிர மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றிப் பெரும்பாலும் எவரும் கூறுவதில்லை. பஸ்ஸில் இருப்பவர்கள் ஆசனத்திலேயே இருப்பது நல்லது. என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காகக் கூட்டமாக வீதியில் இறங்கி நிற்பது, குறுகிய பாதையை மேலும் குறுக்கிவிடுகிறது. ஆனால் வாகனம் முடக்கிலோ சரிவிலோ நிற்க நேர்ந்தால், இடப்பக்கமாக இறங்கி, வடிகானுக்கு அப்பால் மண்மேட்டின் பக்கமாகச் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். மண்மேட்டில் ஈரக்கசிவோ புதிய வெடிப்போ காணப்பட்டால் அதன் அடியில் நிற்பதும் ஆபத்தாகும். பள்ளப்பக்கக் கரையிலும், நிற்கும் இரு வாகனங்களுக்கு இடையிலும், வாகனத்தின் நேர்முன்னும் நேர்பின்னும் எவரும் நிற்கக்கூடாது. பின்னால் வரும் வாகனம் மோதினால் முதலில் அகப்படும் இடங்கள் அவையேயாகும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் முச்சக்கர வண்டி மறிக்கப்பட்டால், அளவுக்கு மீறிப் பிள்ளைகள் ஏற்றப்பட்ட குற்றம் எவ்வளவு பெரிதாயினும், அவர்களை நடுவழியில் இறக்கிவிடாமல், அருகிலுள்ள பாதுகாப்பான இடத்தில் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்த பின்னரே சட்ட நடவடிக்கை தொடரப்பட வேண்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால் 1990 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டு இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்டுப் பின்னர் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்ட சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. பொலிஸ் அவசர இலக்கம் 119 ஆகும். அழைப்பவர், மைல்கல்லின் எண்ணையோ தோட்டத்தின் பெயரோடு டிவிஷனின் பெயரையோ சொன்னால், உதவி விரைவாக வந்துசேரும்.

தப்பியோடுவதன் விலை

எதிரே வரும் வாகனங்கள் முன்விளக்கைச் சிமிட்டிப் பொலிஸ் நிற்பதை அறிவித்ததும், மோட்டார் சைக்கிளைச் சடாரெனத் திருப்பித் தோட்டப் பாதைக்குள் விரட்டிச் செல்லும் இளைஞர்கள் பலர் உள்ளனர். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமை, தலைக்கவசம் இல்லாமை, காப்புறுதி காலாவதியானமை போன்றவையே பெரும்பாலும் இதற்குக் காரணம். இந்த அச்சத்தின் வேரில் வறுமை இருக்கிறது என்பதையும் மறுக்கமுடியாது. அனுமதிப்பத்திரமின்றி வாகனம் ஓட்டுவதற்கான தண்டம் 25,000 ரூபாவுக்குக் குறையாதது. 2024 ஆம் ஆண்டு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டால், இது தோட்டத் தொழிலாளி ஒருவரின் 18 நாள் உழைப்புக்கும் மேலாகும். ஆனால் ஈரமான முடக்கில் சறுக்கிப் பள்ளத்தில் வீழ்ந்தால் அதன் விலை ஒரு குடும்பத்தின் வாழ்நாள் முழுவதற்கும் நீளும். அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளையிடம் வண்டியின் சாவியைக் கொடுக்காமலிருப்பது பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு.

தப்பியோடுபவரைத் துரத்துவதிலும் சுடுவதிலும் உள்ள ஆபத்தை இந்நாடு கசப்பாகக் கற்றிருக்கிறது. 2016 ஒக்டோபர் 20 ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணம் குளப்பிட்டிப் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர், பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் உயிரிழந்தனர்; அவர்கள் நிறுத்தாமல் சென்றதாகக் கூறப்பட்டது. பொலிஸார் ஐவர் கைது செய்யப்பட்டனர். 2024 ஜனவரியில் நாரம்மலையில், சிவில் உடையிலிருந்த பொலிஸார் லொறியொன்றைச் சோதனையிட்டபோது துப்பாக்கி வெடித்து லொறிச் சாரதி உயிரிழந்தார். 2021 மார்ச்சில் பன்னிப்பிட்டியில் போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் லொறிச் சாரதியை வீதியில் வீழ்த்தித் தாக்கும் காட்சி நாடு முழுவதும் பரவி, அவர் கைது செய்யப்பட்டார். நிறுத்தாமல் செல்வது குற்றமாக இருக்கலாம். அக்குற்றத்துக்கு எந்தச் சட்டத்திலும் மரணம் தண்டனையாக விதிக்கப்படவில்லை. வாகன இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த பொலிஸ் நிலையத்துக்கு அறிவிப்பது, ஒன்றிரண்டு பாதைகளே வெளியேறும் வழியாகவுள்ள மலைநாட்டில், துரத்துவதைவிடப் பயனுள்ளதும் பாதுகாப்பானதுமாகும்.

ஆவணமும் மொழியும் உரிமையும்

சாரதி தன்னோடு வைத்திருக்க வேண்டியவை சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவை. இவற்றை ஒரே உறையிலிட்டு எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருந்தால், வீதியோரத்தில் நிற்கும் நேரம் பாதியாகக் குறையும். நிற்கும் நேரம் குறையக் குறைய ஆபத்தும் குறையும். சிறு குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே எழுதப்படும் தண்டப் பத்திரம், உத்தியோகத்தர் எடுத்துக்கொள்ளும் அனுமதிப்பத்திரத்துக்குப் பதிலாக 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதியாகவும் செல்லுபடியாகும். தண்டப்பணத்தைத் தபாலகத்தில் செலுத்தலாம். இணையவழியாகச் செலுத்தும் முறையும் 2025 ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. 14 நாள் கடந்தால் தொகை இரட்டிப்பாகும். 28 நாளுக்குள்ளும் செலுத்தப்படாவிடில் நீதிமன்றம் செல்ல நேரிடும். குற்றத்தை ஏற்காதவர் தன் வாதத்தை நீதவான் முன் வைக்கலாம் என்பதால், முடக்கில் நின்று உரத்துத் தர்க்கிப்பதில் எந்தப் பயனும் இல்லை. வீதியோரத்தில் பணம் கொடுத்து முடித்துக்கொள்வது, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் குற்றமாகும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம் 1954.

மலையகத்தில் மொழியும் பாதுகாப்போடு பிணைந்துள்ளது. சிங்களத்தில் வேகமாகக் கூறப்படும் கட்டளையைப் புரிந்துகொள்ளாத சாரதி தயங்குவதை, கீழ்ப்படிய மறுப்பதாக உத்தியோகத்தர் கருதினால், சாதாரணச் சோதனை கைகலப்பாக மாறுகிறது. அரசியலமைப்பின்படி தமிழும் ஆட்சிமொழி. தமிழில் அரச அலுவலரோடு தொடர்புகொள்ளும் உரிமையை அதன் 22 ஆம் உறுப்புரை வழங்குகிறது. 1999 நவம்பரில் வெளியான வர்த்தமானி மூலம் நுவரெலியா, அம்பகமுவ உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஹட்டன் நகரம் அப்போது அமைந்திருந்தது அம்பகமுவப் பிரிவிலாகும். ஆகவே, தமிழில் விளக்குமாறு பணிவாகக் கேட்பது சலுகை கேட்பதாகாது. புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில், அதன் பொருளை அறிந்துகொள்ளாமல் கையொப்பமிடுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

ஒருவர் கைது செய்யப்படும்போது அதற்கான காரணம் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை கூறுகிறது. பெண்ணொருவரின் உடலைச் சோதனையிட நேர்ந்தால், அதனைக் கண்ணியத்துக்கு ஊறின்றிப் பெண்ணொருவரே செய்ய வேண்டும் என்பது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் விதி. தாக்குதலோ அவமதிப்போ நிகழ்ந்தால், உத்தியோகத்தரின் இலக்கத்தையும் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கு ஒரு மாதகால எல்லை உண்டு. வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது.

பொலிஸாரின் கடமை

மேலே கூறப்பட்ட அனைத்தும் சாரதியின் தோளில் மட்டும் ஏற்றப்படக்கூடாது. இடத்தைத் தெரிவுசெய்யும் அதிகாரம் மறிப்பவரிடமே இருக்கிறது. மழையிலும் குளிரிலும் பல மணிநேரம் வீதியில் நிற்கும் போக்குவரத்துப் பொலிஸாரும் இதே ஆபத்துக்கு நாள்தோறும் முகம்கொடுப்பவர்கள் என்பதால், பாதுகாப்பான இடத்தைத் தெரிவுசெய்வது அவர்களின் சொந்த உயிருக்கான காப்பாகவும் அமைகிறது. முடக்கின் மறைவிலும் சரிவின் நடுவிலும் பாலத்தின் மேலும் மண்சரிவு அபாயமுள்ள இடத்திலும் நின்று மறிக்காமலிருத்தல், ஒளியைத் தெறிக்கும் மேலங்கியின்றி இரவில் வீதியில் இறங்காமலிருத்தல், குறைந்தது ஐம்பது மீற்றருக்கு முன்னரே தெரியும்படி எச்சரிக்கைக் கூம்புகளை வைத்தல், கடும் பனிமூட்டத்தில் வழமையான ஆவணச் சோதனையை ஒத்திவைத்தல், வாகனத்தின் முன் திடீரெனப் பாயாதிருத்தல் ஆகியவை பெரும் செலவில்லாமல் கைக்கொள்ளத்தக்கவை. சிவில் உடையில் மறிக்க நேர்ந்தால், இரவில் முன்பின் தெரியாதவர் கைகாட்டும்போது சாரதி கொள்ளையரென அஞ்சுவது இயல்பு என்பதை உணர்ந்து, முதலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பிரித்தானியாவில் 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, வாகனத்தை நிறுத்துமாறு பணிக்கும் பொலிஸ் உத்தியோகத்தர் சீருடையில் இருக்க வேண்டும்.

கடந்து செல்லும் ஏனைய சாரதிகளுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் 1996 ஆம் ஆண்டு, வீதியோரத்தில் நிற்கும் அவசரசேவை வாகனத்தைக் கடப்பவர் வேகத்தைக் குறைத்து விலகிச் செல்ல வேண்டும் என்று சட்டமியற்றியது. பின்னர் அந்நாட்டின் 50 மாநிலங்களும் அத்தகைய சட்டத்தை ஏற்றன. விலகிச் செல்ல மறுவழி இல்லாத ஏ-7 பாதையில் விலகுவது எப்போதும் இயலாது. வேகத்தைக் குறைப்பது எப்போதும் இயலும். நின்றிருக்கும் வாகனத்தைக் கண்டதும் முந்திச்செல்லும் எண்ணத்தைக் கைவிட்டு, எதிரே பாதை தெளிவாகத் தெரியும் வரை பொறுத்திருப்பதே மலைப்பாதைக்குரிய ஒழுக்கம்.

இப்பிரச்சினைக்கு நிலையான தீர்வும் உண்டு. வீதி அபிவிருத்தி அதிகாரசபையும் பொலிஸ் திணைக்களமும் இணைந்து, ஏ-7, ஏ-5 பாதைகளிலும் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை, மஸ்கெலியா நோக்கிச் செல்லும் பாதைகளிலும், ஒரு பஸ் முழுமையாக ஒதுங்கி நிற்கக்கூடிய இடங்களைச் சில கிலோமீற்றருக்கு ஒன்றாகத் தெரிந்தெடுத்து, மும்மொழிப் பலகையிட்டு, சோதனைகளை இயன்றவரை அங்கேயே நடத்த வேண்டும். சரிவுகளின் தலைப்பிலுள்ள இடங்கள் பாரவாகனச் சோதனைக்கென ஒதுக்கப்பட வேண்டும். பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சாலை வாயில்களையும் மடுவ முன்றல்களையும் அவசர ஒதுக்கிடங்களாகப் பயன்படுத்த இடமளிக்க வேண்டும். சாரதிப் பயிற்சியில் மலையிறக்கத்தைப் போலவே மறிக்கப்படும்போது நடந்துகொள்ளும் முறையும் பாடமாக வேண்டும்.

இவை நடைமுறைக்கு வரும் வரை ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. சாரதி முடக்கைத் தாண்டி நிறுத்தட்டும். உத்தியோகத்தர் முடக்கைத் தாண்டி மறிக்கட்டும். குற்றத்தைப் பற்றிய வழக்கை இருவரும் நீதிமன்றத்துக்கு விட்டுவிடட்டும். தண்டப் பணத்தைத் தவணை கடந்தாவது செலுத்திவிடலாம். போன உயிரைத் திருப்பித் தரும் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை.